ஒன்றாம் எண் வளையம்

முப்பத்தாறு ஆண்டுகள் நான் சம்பளம் வாங்கியது எண்ணுவதற்கும் அளப்பதற்கும்தான். ஆவடியில் ஓர் அரசு ஆலையின் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டுகள் ஆகியும் பழக்கம் விடவில்லை. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடக்கும்போது எதிரே வருகிறவர்களை எண்ணுகிறேன். மாத்திரை அட்டையில் மிச்சம் எத்தனை என்று தினமும் இரண்டு முறை பார்க்கிறேன். எங்கள் குடியிருப்பின் படிகள் அறுபத்தெட்டு. லிஃப்ட் வேலை செய்யும் நாட்களிலும் அது எனக்கு நினைவிருக்கிறது.

நாடு வளர்கிறது என்று செய்தித்தாளில் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தேகமே வரும். எங்கே வளர்கிறது, யார் எண்ணிப் பார்த்தார்கள் என்று முணுமுணுப்பேன். எங்கள் ஆலையில் திருகாணி முதல் அதை அனுப்பும் மரப்பெட்டி வரை எல்லாவற்றையும் ஒரே மதில் சுவருக்குள் செய்தோம். காலையில் ஒரு சங்கு ஊதும், எல்லோரும் உள்ளே போவோம். தொழில் என்றால் எனக்கு அதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மூன்று இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஆட்கள் ஏதோ செய்வதைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பெரிய நாடுகள் எதனால் வேகமாக வளர்கின்றன என்று பொருளாதாரப் பக்கத்தில் எழுதுவார்கள். முதலீடு, ஏற்றுமதி, சாலை, துறைமுகம், இளைஞர் கூட்டம் என்று பட்டியல் இருக்கும். ஒன்றையும் நான் கையால் தொட்டுப் பார்த்ததில்லை என்பதால் தாளை மடித்து வைத்துவிடுவேன்.

என் மருமகள் எஞ்சினியரிங் படித்தவள். ஒரு பெரிய நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு, அம்பத்தூர் பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, கணினியில் இயங்கும் கடைசல் லேத் இரண்டு போட்டாள். என் மகனும் அவளும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஓர் ஆண்டு பார்ப்பது. அதற்குள் ஒரு பெரிய கம்பெனியின் நிலையான ஆர்டர் கிடைக்காவிட்டால் ஷெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் வேலைக்குப் போவது. பழைய நிறுவனத்தில் அவளுக்காக ஓர் இடத்தை அந்த ஆண்டு முடியும் மாதக் கடைசி வரை வைத்திருந்தார்கள். பதினோரு மாதம் சில்லறை வேலைகளில் ஓடியது. பன்னிரண்டாவது மாதம்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனி சோதனை ஆர்டர் கொடுத்தது. மின்சார ஸ்கூட்டரின் சக்கர அச்சில் மாட்டும் எஃகு வளையம், இட்லியைவிடக் கொஞ்சம் சிறியது. இருநூற்று நாற்பது செய்து தர வேண்டும். ஒவ்வொன்றிலும் வரிசை எண் குத்தியிருக்க வேண்டும். குறித்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அவர்களுடைய வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார்கள்.

"மாமா, நீங்க வந்து உக்காருங்க. எண்ணுறதுக்கும் அளக்குறதுக்கும் உங்கள விட்டா யாரு?" என்றாள்.

"தகரக் கொட்டாய்ல எனக்கு மூச்சு முட்டும்மா."

"ரெண்டு ஃபேன் இருக்கு. எண்ணிப் பாத்துக்கோங்க."

போனேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி, என் பழைய மைக்ரோமீட்டர். வளையங்களில் எண் குத்துவதும் என் வேலை.

லேத்தில் நின்றவள் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த பெண். முப்பது வயதிருக்கும். நான்கு மாதங்களுக்கு முன்பு வரை நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், லேத்துக்கு அப்போதுதான் வந்திருந்தாள். இயந்திரத்தின் கதவைத் திறந்து, முடிந்த வளையத்தை எடுத்து, சுருள் தூளைத் துடைத்து, புதிய துண்டை மாட்டி, கதவை மூடிப் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் நாள் எட்டு மணி நேரத்தில் முப்பத்தொன்று முடித்தாள். இந்தக் கணக்கில் போனால் வெள்ளிக்கிழமை எட்டாது என்று நான் மருமகளிடம் அன்று மாலையே சொன்னேன். இரண்டாம் நாள் முப்பத்தைந்து. மூன்றாம் நாள் நாற்பத்தொன்று. அதற்கடுத்த நாள் நாற்பத்தாறு ஆனபோது எனக்குப் பயம் வந்தது. அவசரத்தில் அளவு தப்பியிருக்கும் என்று நாற்பத்தாறையும் மறுபடி அளந்தேன். ஒன்றும் தப்பவில்லை. ஐந்தாம் நாள் ஐம்பத்தொன்று.

அதே இயந்திரம், அதே எஃகு, அதே எட்டு மணி நேரம், அதே பெண். கூடுதலாக வந்த இருபது வளையங்கள் எங்கிருந்து வந்தன? என் வாழ்நாளில் எண்ணிய எதுவும் அப்படி ஒன்றுமில்லாததிலிருந்து பெருகியதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது உள்ளங்கையில் நான்கு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். கட்டைவிரல் ஒன்றை மட்டும் பிரித்து முன்னால் தள்ளும்போது வலது கை அதை எடுத்து மாட்டிவிட்டிருக்கும். வலது கை ஒரு முறைகூட மேசைக்குத் திரும்பவில்லை, அவளும் குனியவில்லை.

"யாரும்மா இப்படிப் பிடிக்கச் சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லணும் ஐயா? நாத்து முடிய அப்பிடித்தான புடிப்போம்? ஒவ்வொண்ணுக்கும் கரைக்கு ஓடிப் போயி எடுத்தா நடவு எப்ப முடியறது?" என்று சிரித்தாள். "மொத நாளு இந்தப் பொட்டியப் பாத்துப் பயந்துட்டேன். அதுல நாலு நாளு போச்சு."

சேற்றிலிருந்து கொண்டுவந்த ஒரு கைப்பிடி எஃகில் வேலை செய்துகொண்டிருந்தது. எங்கள் ஆலையில் இப்படி ஒரு மாற்றம் செய்ய வேண்டுமென்றால் மூன்று குழுக்கள் கூடியிருக்கும். அன்று மதியம் வியப்பில் சோற்று டப்பாவைத் திறக்கவே மறந்தேன். பொருளாதாரப் பக்கத்தில் எழுதும் அந்த வளர்ச்சி என் கண் முன்னால் ஒரு பெண்ணின் இடது கையில் இருந்தது. பேட்டையில் இப்படி எத்தனை ஷெட், ஒவ்வொன்றிலும் எத்தனை கைகள் என்று கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆறாம் நாள் மாலை டீ வருவதற்கு முன்பே இருநூற்று நாற்பதும் முடிந்தன. எண் குத்தினேன். ஒன்றாம் எண்ணுள்ள வளையத்துக்குப் பன்னிரண்டு அளவுகளையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் தனியாக வைக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. எழுதி வைத்தேன். ஆனால் எங்கள் ஷெட்டோடு வேலை முடிந்துவிடாது. துளை போடுவது பக்கத்து ஷெட்டில். துளைக்குள் திருகாணி ஏற மரை போடுவது அடுத்த தெருவில். துத்தநாக முலாம் பேட்டையின் மறு கோடியில். ஒரு வளையம் நான்கு கூரைகளின் கீழ் போய்வந்தால்தான் வளையமாகும். யாருக்கும் முழுப் பொருள் சொந்தமில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. பெட்டி துளைக்காரரிடமிருந்து திரும்பிய நாள் நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெட்டியை எண்ணாமலே மரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை முலாம் பூசிய வளையங்கள் வந்தன. எண் வரிசையில் மேசை முழுவதும் அடுக்கினேன். இருநூற்று முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். மூன்றாம் முறையும் அதேதான். இல்லாதது ஒன்றாம் எண்.

அப்போது மணி பதினொன்று. மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். எண்ணாமல் போன துளைப் பெட்டி என் நினைவுக்கு வந்தது. நேராகப் பக்கத்து ஷெட்டுக்குப் போனேன். துளைக்காரர் அந்த ஊரிலேயே பிறந்தவர். பேட்டை வருவதற்கு முன்பு அங்கே பயிர் வைத்திருந்த குடும்பம். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும்.

"என் பீஸ் ஒண்ணு உங்க ஷெட்டுலதான் காணாமப் போயிருக்கு" என்றேன். குரல் எனக்கே பிடிக்காத அளவுக்கு உயர்ந்துவிட்டது.

"இன்னா நைனா, திருடிட்டேன்றியா? அத்த எட்த்து வெச்சிகினு நா இன்னா பண்ணப் போறேன், வடையா சுடப் போறேன்?"

"ஒண்ணாம் நம்பர் போட்ட பீஸ். வேற எங்கயும் போக வழியில்ல."

"ஒண்ணாம் நம்பரா?" அவர் முகம் மாறியது. "அட, அத்தச் சொல்றியா? அது அம்மன் கையில கீது நைனா."

சுவரைக் காட்டினார். அம்மன் படத்துக்குக் கீழே நீளமான பலகை. அதில் நடுவில், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வாடிய மல்லிகைச் சரத்துக்குள் என் ஒன்றாம் எண் வளையம் உட்கார்ந்திருந்தது.

"புது வேல வந்தா மொத பீஸ அம்மனுக்கு வெக்காம அடுத்தத தொட மாட்டேன். அந்தப் பொண்ணுக்கு நல்லா வர்ட்டும்னு சூடம்கூட ஏத்துனேன்."

"எண்ணிக் குடுத்த பீஸ எடுத்து வச்சா எப்படிங்க?"

"எல்லாரும் ரெண்டு மூணு எச்சா குடுப்பாங்க நைனா. நீ கரீக்டா எண்ணிக் குடுப்பேன்னு எனுக்கு இன்னா தெரியும்? இந்தப் பேட்டையில யாரு அப்டி எண்றாங்க?"

நான் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். முலாம் இல்லாத வெறும் எஃகு. ஈர மஞ்சள் நாள்கணக்கில் ஊறி, துருப் பிடித்து, நகத்தை வைத்தால் பள்ளம் தட்டியது.

"பாலிஷ் போட்டா பூடும்" என்றார்.

"துரு போகும். அளவும் போகும்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரத்திலும் என் கண் பலகையிலிருந்து விலகவில்லை. அந்த வளையத்தின் இருபுறமும் வரிசையாக, எல்லாம் குங்குமப் பொட்டோடு, அறுபத்திரண்டு பொருட்கள். ஒரு கோடியில் சைக்கிள் சக்கரத்தின் குடம். அதையடுத்துத் தையல் இயந்திரத்தின் பாகம், மோட்டார் பம்பின் பாகம், மின்விசிறியின் தண்டு. பிறகு கார்களுக்கானவை வரிசையாக. கடைசியில் மருத்துவமனையில் மூச்சுக் கருவிக்குப் போகும் ஒரு சின்ன பித்தளைக் குழல். அவருடைய அப்பா தொடங்கி வைத்த வழக்கமாம். ஒவ்வொன்றும் இந்தத் தகரக் கூரைக்குள் முதன்முதலாக வந்து, இவர்கள் கை கற்றுக்கொண்ட ஒரு வேலை. ஏட்டில் எந்த அதிகாரியும் இதை எழுதி வைத்திருக்க மாட்டார். கோபத்தோடு போனவன் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

மருமகள் பின்னால் வந்து நின்றிருந்தாள். "மாமா, கம்பெனி குடுத்த துண்டு இருநூத்தி நாப்பத்தஞ்சு. மெஷின் செட் பண்ண மூணு போச்சு, சோதனைக்கு ஒண்ணு அனுப்புனோம். இன்னும் ஒண்ணு இருக்கு."

"ஒண்ணுதான் இருக்கு" என்றேன். "நம்ம லேத்துக்கு அப்புறம் மத்த மூணு ஷெட் சுத்தி வரவே இன்னொரு ஆறு நாள் ஆச்சு. இப்ப நாலு மணிக்குள்ள எப்படிம்மா? ஸ்ரீபெரும்புதூர் போகவே ஒண்ணரை மணி நேரம்."

அவள் ஏற்கெனவே எங்கள் ஷெட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

லேத்தில் அப்போது வேறு வேலை ஓடிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலைப் பெண் அதை நிறுத்திக் கழற்றி, பழைய அமைப்பைப் போட்டாள். இருப்பது ஒரே துண்டு என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினொன்று நாற்பத்தைந்துக்கு வளையம் சூடாக என் கைக்கு வந்தது. எண் குத்தும்போது சுத்தியல் தவறிவிடுமோ என்று இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினேன்.

துளைக்காரர் தன் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த இன்னொருவருடைய வேலையை இறக்கியிருந்தார். அதை மறுபடி ஏற்றிப் பொருத்த அவருக்கு ஒரு மணி நேரமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் நான்கு துளைகளையும் போட்டு, விளிம்பை அரத்தால் தேய்த்துக் கொடுத்தார்.

"இத்த அம்மனுக்குக் காட்டக்கூட மாட்டேன், எட்த்துகினு ஓடு நைனா."

எழுபத்தாறு வயதில் நான் ஓடவில்லை. தன் வண்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்து அடுத்த தெருவுக்கு அவரே கொண்டுபோனார். வளையத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்திக்கொண்டேன்.

மரை ஷெட்காரர் இதே ஆர்டருக்கு விலைப்புள்ளி கொடுத்து, கிடைக்காமல் போனவர். அதை எங்களிடம் மறைத்ததுமில்லை. விஷயத்தைக் கேட்டதும் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

"எனக்கு வர வேண்டிய ஆர்டர் சார் இது" என்றார், வளையத்தை மாட்டிக்கொண்டே.

"அப்புறம் ஏன் நிறுத்துறீங்க?" என் வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற துளைக்காரர் என்னை முறைத்தார்.

"ஆர்டர் உங்களுக்கு வந்தாலும் மரை நான்தானே போடணும்? திருப்பி அனுப்பிட்டாங்கன்னா எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. புனேக்குப் போயிடும்." மரைக்குள் அளவுக் கேஜைப் போட்டுச் சுழற்றிப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. "நாளைக்கு என் மெஷின் நின்னுச்சுன்னா உங்க மருமகள்கிட்டதான் ஓடி வருவேன். சும்மா ஒண்ணும் செய்யல சார்."

முலாம் ஷெட்டில் தொட்டிகள் வரிசையாக ஆவி விட்டுக்கொண்டிருந்தன. அங்கே ஒரு சட்டம் நிறையக் கொக்கிகளில் யாருடைய கார் பாகங்களோ தொங்கின. உள்ளே இறங்க இருந்த சட்டத்தை நிறுத்தி, ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கொக்கியில் எங்கள் வளையத்தை மாட்டினார்கள். அங்கே மட்டும் யாராலும் அவசரப்படுத்த முடியாது. கழுவி, முக்கி, மறுபடி கழுவி, உலர்த்தி முடிக்க ஐம்பது நிமிடம் ஆனது. நான் தொட்டிகளை எண்ணவில்லை. அதை வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தேன்.

ஒன்று நாற்பதுக்கு வளையம் என் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு அளவுகளும் சரியாக இருந்தன. பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியது எழுதிக் கையெழுத்திட்டேன். வெளி ஷெட்டுகளுக்கு மட்டுமே ஆறு நாள் எடுத்த பயணம், இப்போது லேத்தோடு சேர்த்து இரண்டு மணி நாற்பது நிமிடம். நான்கு ஷெட்டுகள், நிறுத்தப்பட்ட நான்கு வேலைகள். கடிதமில்லை, கூட்டமில்லை, யாரும் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. மதில் சுவர் இல்லாத ஒரே ஆலைக்குள் நான் இத்தனை நாளும் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆலையின் சங்குகூட இவ்வளவு பேரை இவ்வளவு சரியாக அசைத்ததில்லை.

குட்டி யானை வேனில் பெட்டியை ஏற்றி மருமகள் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூந்தமல்லி தாண்டும்போது நெரிசல் என்று ஒரு முறை போன் செய்தாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு வாசலைத் தாண்டியதாக இன்னொரு முறை. அதற்கிடையில் நான் துளைக்காரரிடம் போய், காலையில் பேசியது தப்பு என்றேன்.

"உடு நைனா. நானும் கேட்டு வெச்சிருக்கணும்" என்றார். பிறகு, "இனிமே நீயே ஒண்ணு எச்சா எண்ணி அனுப்பிடு, அம்மன் பங்கு" என்றார்.

கம்பெனியின் முடிவுக்குக் காத்திருந்த அடுத்த ஒன்பது நாட்கள் எப்படிப் போயின என்று எழுதினால் என் ரத்த அழுத்தம் இப்போதும் ஏறும். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. பழைய நிறுவனத்திலிருந்து மருமகளுக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. பதில் எழுதாமல் வைத்திருந்தாள். ஷெட் சாவியை உரிமையாளரிடம் எந்தத் தேதியில் தர வேண்டும் என்று என் மகன் ஒரு முறை கேட்டான். அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கம்பெனியிலிருந்து போன் வந்தபோது நான் மேசையில்தான் இருந்தேன். அவள் இயந்திரச் சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "சரிங்க சார்" என்று ஐந்து முறை சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னிடம் வரவில்லை. நேராக லேத்துக்குப் போய்த் திருவண்ணாமலைப் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"ஆர்டர் நமக்குத்தான். வாரம் ஆயிரத்து இருநூறு கேக்குறாங்க. ரெண்டு ஷிஃப்ட் ஓட்டணும். ரெண்டு மெஷினும் இதுக்கே போகும். உங்க ஊர்ல யாராச்சும் வருவாங்களா?"

அந்தப் பெண் கதவை மூடிப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் திரும்பினாள்.

"எத்தன பேரு வேணுங்க்கா?"

"இப்போதைக்கு மூணு பேரு. நடவுக்குப் போனவங்களா இருந்தா நல்லது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். எஃகு சுழலும் சத்தத்துக்கு மேலே, தங்குமிடம் உண்டா, பெண்பிள்ளைகள் தனியாக இருக்கலாமா என்று எதிர்முனையில் யாரோ கேட்பதற்கெல்லாம் கத்திக் கத்திப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மாட்டிய அந்தத் துண்டு வெட்டி முடிவதற்குள் ஐந்து பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.